முதுகுத்தண்டில் ஸ்டெம் செல் ஊசி: படம் என்ன சொல்லும்?

தாமிரபரணிக் கரையில் உள்ளது ஸ்ரீவைகுண்டம். நவதிருப்பதிகளில் முதல் திருப்பதி அது.

17-ம் நூற்றாண்டில் இந்த ஊரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஐந்து வயது ஆகியும் குழந்தை பேசவில்லை. "அம்மா" என்ற ஒரு சொல்கூட வரவில்லை. பெற்றோர் கலங்கினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போனார்கள். முருகன் சந்நிதியில் தவம் கிடந்தார்கள். பிள்ளை வாய் திறந்தது. பேசவில்லை, பாடியது!

அந்தப் பிள்ளைதான் பின்னாளில் காசிக்குச் சென்று மடம் அமைத்த குமரகுருபரர். தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வரலாறு இது. அவர் பெயரில் இன்று ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது.

பேசாத பிள்ளைக்குப் பேச்சு வந்த ஊர் இது. ஆனால் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவரின் பேச்சை மெல்ல மெல்லப் பறித்துவிடும் நோய் ஒன்று இருக்கிறது. முதலில் கை போகும். அல்லது கால் போகும். பிறகு நாக்கு. பிறகு விழுங்கும் சக்தி. கடைசியில் மூச்சு.

அதன் பெயர் மோட்டார் நியூரான் நோய்.

இந்த நோய் வந்த வீட்டில் இப்போது அடிக்கடி கேட்கும் ஒரு சொல் "ஸ்டெம் செல்". முதுகில் ஒரு ஊசி போட்டால் போதும், செத்த நரம்பு உயிர் பெறும் என்கிறார்கள். ஊசி போட்டபின் முதுகுத்தண்டைப் படம் எடுக்கிறார்கள். படத்தைக் காட்டி, "நன்றாக இருக்கிறது" என்கிறார்கள்.

அந்தப் படம் உண்மையில் என்ன சொல்கிறது?

நழுவிய மண்வெட்டி

ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவருக்கு 50 வயது. வாழைத் தோட்டத்தில் வேலை செய்யும்போது மண்வெட்டி கையைவிட்டு நழுவுகிறது. "அசதி" என்று விட்டுவிடுகிறார். சில மாதங்களில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கட்டை விரலுக்குக் கீழே சதை சூம்பிவிட்டது. தோள் தசை தானாகத் துடிக்கிறது.

வலி இல்லை. தொட்டால் உணர்ச்சி தெரிகிறது. கண் நன்றாகத் தெரிகிறது. காது கேட்கிறது. பலம் மட்டும் குறைகிறது!

மகன் அவரை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போகிறான். அங்கே திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1965-ம் ஆண்டு தொடங்கிய கல்லூரி அது.

நரம்பு டாக்டர் அவரைச் சோதிக்கிறார். சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார். தசையில் மெல்லிய ஊசி செலுத்தி மின்சாரச் சோதனை செய்யச் சொல்கிறார். "கழுத்துக்கும் முதுகுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுங்கள்" என்கிறார்.

படம் வருகிறது. மகன் பயந்துகொண்டே கேட்கிறான்:

"அய்யா, படத்தில் என்ன இருக்கிறது?"

"ஒன்றும் இல்லை, தம்பி. தண்டுவடம் நன்றாகத்தான் இருக்கிறது."

"அப்படியானால் அப்பாவுக்கு ஏன் கை சூம்புகிறது?"

பையன் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்தால் பாதிக் கதை புரிந்துவிடும்.

அணையும் வாய்க்காலும்

தாமிரபரணி ஆற்றில் எட்டு அணைகள் இருக்கின்றன. எட்டாவது அணை, கடைசி அணை, ஸ்ரீவைகுண்டம் அணை. அங்கே தடுக்கப்படும் தண்ணீர் வடகால், தென்கால் என்ற இரண்டு வாய்க்கால்களில் ஓடுகிறது. அவற்றிலிருந்து மடைகள் வழியாகச் சின்ன வாய்க்கால்களுக்குப் போகிறது. வயலில் பாய்கிறது. நெல்லும் வாழையும் விளைகின்றன.

மனித உடலிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது.

மூளைதான் அணை. அதிலிருந்து முதுகெலும்புக்கு உள்ளே ஒரு பெரிய வாய்க்கால் இறங்குகிறது. அதுதான் தண்டுவடம். சுமார் 45 சென்டி மீட்டர் நீளம். சுண்டு விரல் பருமன். அதிலிருந்து சின்ன வாய்க்கால்களாக நரம்புகள் பிரிந்து கைக்கும் காலுக்கும் போகின்றன. தசைதான் வயல்.

"கையைத் தூக்கு" என்று மூளை கட்டளை இடுகிறது. கட்டளை தண்டுவடத்துக்கு வருகிறது. அங்கே மடைபோலக் காத்திருக்கும் ஓர் அணு அதை வாங்கித் தசைக்கு அனுப்புகிறது. இந்த அணுவுக்குப் பெயர்தான் மோட்டார் நியூரான். தமிழில் இயக்க நரம்பணு. கண்ணுக்குத் தெரியாத சிறிய அணு இது. ஆனால் இடுப்பில் இருக்கும் ஓர் அணுவின் வால் பாதம் வரை போகிறது. சுமார் ஒரு மீட்டர் நீளம்!

மோட்டார் நியூரான் நோயில் இந்த அணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. மடை தூர்ந்தால் வயல் காய்கிறது. அணு செத்தால் தசை சூம்புகிறது.

சரி, படத்தில் ஏன் தெரியவில்லை?

வாய்க்காலை மேலேயிருந்து படம் பிடித்தால் என்ன தெரியும்? கரை உடைந்திருந்தால் தெரியும். மரம் விழுந்து அடைத்திருந்தால் தெரியும். அடியில் இருக்கும் சின்ன மடை துருப்பிடித்திருந்தால் தெரியாது. எம்.ஆர்.ஐ. படமும் அப்படித்தான். பெரிய உருவம் தெரியும். தனித்தனி அணு தெரியாது.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு பெரிய காந்தம். ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக இருக்கும் இயந்திரத்தின் காந்த சக்தி, பூமியின் காந்த சக்தியைப் போல் சுமார் 30 ஆயிரம் மடங்கு. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. இதைக் கண்டுபிடிக்க உழைத்த அமெரிக்க விஞ்ஞானி லாட்டர்பருக்கும் பிரிட்டிஷ் விஞ்ஞானி மேன்ஸ்பீல்டுக்கும் 2003-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவ்வளவு பெரிய காந்தத்தாலும் தண்டுவடத்தில் ஓர் அணு செத்ததா, பிழைத்ததா என்று காட்ட முடியாது.

முதல் படம் எதற்கு?

அப்படியானால் டாக்டர் ஏன் படம் எடுக்கச் சொன்னார்?

வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான்!

கழுத்து எலும்புத் தேய்மானத்தால் தண்டுவடம் நசுங்கலாம். கட்டி வளர்ந்து அழுத்தலாம். அப்போதும் கை சூம்பும்; கால் பின்னும். பார்ப்பதற்கு மோட்டார் நியூரான் நோய்போலவே இருக்கும். ஆனால் அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆபரேஷனும் உண்டு. அதைத் தவறவிடக் கூடாது.

இன்னொரு நோய் இருக்கிறது. 15 வயது முதல் 25 வயது வரை உள்ள வாலிபர்களுக்கு வரும். ஒரு கை மட்டும் சூம்பும். 1959-ம் ஆண்டு ஜப்பானில் ஹிராயாமா என்ற டாக்டர் இதை எடுத்துச் சொன்னார். இந்தியாவிலும் இது காணப்படுகிறது. ஒரு கை அல்லது ஒரு கால் மட்டும் சூம்பும் நோயைப் பற்றி பெங்களூரில் டாக்டர் கௌரிதேவி 1984-ல் எழுதினார்.

ஹிராயாமா நோயில் நிமிர்ந்து படுத்து எடுத்த படம் சாதாரணமாகத் தெரியலாம். கழுத்தைக் குனிய வைத்து எடுத்தால் உண்மை தெரியும்! குனியும்போது தண்டுவடத்தின் உறை முன்னால் நகர்ந்து தண்டுவடத்தை அழுத்துவது படத்தில் விழும். கழுத்துப் பட்டை போட்டுக் குனியாமல் காத்தால் மேலும் கெடுவதைக் குறைக்கலாம்.

இந்த நோய்க்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சில ஆண்டுகள் வளரும். பிறகு தானாகவே நின்றுவிடும்! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்தச் செய்தி வேண்டியிருக்கும்.

சென்னையின் பெயர் கொண்ட நோய்

மோட்டார் நியூரான் நோய் எல்லாருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. உலகில் ஓர் ஆண்டில் லட்சம் பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்குப் புதிதாக வருகிறது. பெரும்பாலோர் நோய் தொடங்கிய சில ஆண்டுகளில் இறந்துபோகிறார்கள். ஆனால் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-ல், 21-வது வயதில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் 2018 வரை வாழ்ந்தார். 55 ஆண்டுகள்!

தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு வகையும் இருக்கிறது. சென்னையில் டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தென்னாட்டில் சில நோயாளிகள் மற்றவர்களைப்போல் இல்லை என்று கண்டார்கள். அவர்கள் சிறு வயதினர். கை கால் சூம்பும். முகம் தளரும். பேச்சு குழறும். சிலருக்குக் காதும் கேட்காமல் போகும். ஆனால் நோய் மிக மெதுவாகவே நகரும். பல ஆண்டுகள் உயிர் வாழ்வார்கள்.

உலக மருத்துவப் புத்தகங்களில் இதற்குப் பெயர் 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்'. ஊருக்குச் சென்னை என்று பெயர் மாறினாலும் நோய்க்குப் பழைய பெயரே நிற்கிறது.

விரைந்து ஓடும் நோயும் உண்டு. ஊர்ந்து போகும் நோயும் உண்டு. நின்றுவிடும் நோயும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு ஸ்டெம் செல் விஷயத்துக்கு வருவோம்.

ஸ்டெம் செல் என்பது என்ன?

விதை நெல் மாதிரி ஓர் அணு. தானும் பெருகும், வேறு வகை அணுக்களாகவும் மாறும். எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. கொழுப்பில் இருக்கிறது. தொப்புள் கொடி ரத்தத்திலும் இருக்கிறது.

இதனால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அதில் சந்தேகம் இல்லை. ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுகிறார்கள். அதுவும் ஸ்டெம் செல் சிகிச்சைதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடக்கிறது.

ரத்தத்துக்குப் பலன் தந்த விதை, தண்டுவடத்தில் முளைக்குமா? அதுதான் கேள்வி.

இத்தாலியில் முதல் முயற்சி

இத்தாலியில் டாக்டர் லெட்டிசியா மட்சினி தலைமையில் முயன்று பார்த்தார்கள். நோயாளியின் எலும்பு மஜ்ஜையை எடுத்தார்கள். அதிலுள்ள ஸ்டெம் செல்களைச் சோதனைச் சாலையில் பெருக்கினார்கள். முதுகெலும்பைத் திறந்து தண்டுவடத்துக்குள்ளேயே ஊசியால் செலுத்தினார்கள். 7 நோயாளிகளின் விவரம் 2003-ல் வெளிவந்தது.

ஊசிக்குப் பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எதற்காக? தண்டுவடம் வீங்கியதா? கட்டி முளைத்ததா? இதைப் பார்க்கத்தான். வீக்கம் இல்லை. கட்டி இல்லை. பின்னர் 19 நோயாளிகளைச் சுமார் 9 ஆண்டுகள் வரை கவனித்து 2012-ல் எழுதினார்கள். அப்போதும் கட்டி காணப்படவில்லை.

இது நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் "நோய் குணமாகிவிட்டது" என்று சொல்லவில்லை. "தீங்கு தெரியவில்லை" என்றுதான் சொன்னார்கள். இரண்டும் ஒன்றல்ல!

கறுப்புப் பொட்டு

ஜெருசலேம் நகரில் டாக்டர்கள் வேறு ஒரு வழி கண்டார்கள். செல்கள் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். படத்தில் செல் தெரியாது. என்ன செய்வது? செல்லுக்குள் மிக நுண்ணிய இரும்புத் துகளை ஏற்றினார்கள்! இரும்பு இருந்தால் காந்தப் படத்தில் கறுப்பாகத் தெரியும்.

19 மோட்டார் நியூரான் நோயாளிகளுக்கும், வேறு ஒரு நரம்பு நோய் உள்ள 15 பேருக்கும் செல்களைச் செலுத்தினார்கள். அவர்களில் சிலருக்கு இரும்பு ஏற்றிய செல்கள். படம் எடுத்தபோது இரும்பின் அடையாளம் தெரிந்தது. செல்கள் மூளை, தண்டுவடத்தைச் சுற்றிய நீரில் பயணம் செய்திருக்கின்றன என்று 2010-ல் எழுதினார்கள்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். இரும்பு இருக்கும் இடம்தான் படத்தில் தெரியும். அதைச் சுமந்த செல் உயிரோடு இருக்கிறதா? செத்துப்போய் அதன் இரும்பை வேறு அணு விழுங்கிவிட்டதா? படம் சொல்லாது. உயிரோடு இருந்தாலும் அது வேலை செய்கிறதா? அதையும் படம் சொல்லாது.

தடித்த நரம்பு வேர்கள்

அமெரிக்காவின் மேயோ ஆஸ்பத்திரியில் 27 மோட்டார் நியூரான் நோயாளிகளுக்கு அவர்களுடைய கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து, முதுகு நீரில் செலுத்தினார்கள். 2016-ல் முடிவு வெளியாயிற்று. அதிக அளவு ஊசி பெற்றவர்களுக்குச் சில காலம் இடுப்பு வலி, கால் வலி வந்தது. படம் எடுத்துப் பார்த்தார்கள். இடுப்பில் உள்ள நரம்பு வேர்கள் தடித்திருந்தன!

ஊசி போட்டபின் எடுக்கும் படம் எதற்கு உதவும் என்பதை இது காட்டுகிறது. குணத்தை அது காட்டாது. கெடுதல் இருந்தால் காட்டும்.

எட்டு ஆண்டு கழித்து வந்த கட்டி

கெடுதல் சில சமயம் மிகத் தாமதமாக வரும்.

ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு 18 வயதில் விபத்து நடந்தது. தண்டுவடம் அடிபட்டுக் கால் விழுந்துவிட்டது. மூன்று ஆண்டு கழித்து போர்ச்சுகல் நாட்டுக்குப் போனாள். அவளுடைய மூக்கின் உள்தோலை எடுத்துத் தண்டுவடத்தில் வைத்தார்கள். ஸ்டெம் செல் இருக்கும் தோல் அது. எட்டு ஆண்டுகள் சென்றன. முதுகு வலி வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வைத்த இடத்தில் கட்டி! அறுத்து எடுத்துப் பார்த்தால், உள்ளே மூக்குச் சளிபோல் சுரந்திருந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் தண்டுவடத்தை அழுத்தியது. 2014-ல் டாக்டர்கள் இதை வெளியிட்டார்கள்.

பாஸ்டன் நகர டாக்டர்கள் 2016-ல் வெளியிட்ட செய்தி இன்னும் கொடியது. 66 வயதுக்காரர் ஒருவர். பக்கவாதம் வந்தவர். சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளுக்குப் போய்ப் பணம் கட்டி முதுகில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்டார். பிறகு நன்றாக இருந்த காலும் தளர்ந்தது. படத்தில் முதுகுத்தண்டின் உள்ளே பெரிய கட்டி தெரிந்தது. அந்தக் கட்டியின் அணுக்களைச் சோதித்தார்கள். அவை அவருடைய அணுக்களே அல்ல! ஊசி வழியாக வந்த வேறு யாருடையவோ!

இவர்கள் இருவரும் மோட்டார் நியூரான் நோயாளிகள் அல்ல. ஆனாலும் ஊசி போன இடம் ஒன்றுதான். இப்படி எல்லாருக்கும் நடக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் நடக்கக் கூடும். அதனால்தான் ஒழுங்காக நடக்கும் ஆராய்ச்சியில் ஆண்டுக் கணக்கில் நோயாளியைக் கவனிக்கிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஊசி போட்டு, "போய் வாருங்கள்" என்று அனுப்பும் இடத்தில் எட்டாவது ஆண்டில் யார் படம் எடுப்பார்கள்?

இரண்டாவது படம்

மீண்டும் அந்த ஸ்ரீவைகுண்டம் குடும்பத்தை நினையுங்கள்.

உறவினர் ஒருவர் விளம்பரம் பார்த்துச் சொல்கிறார். மகன் வயலை அடகு வைக்கிறான். மகள் தாலிச் சங்கிலி தவிர மற்ற நகையைக் கழற்றித் தருகிறாள். லட்சக்கணக்கான ரூபாய் திரட்டித் தூர நகரத்துக்குப் போகிறார்கள். ஊசி போட்டாகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் படம். "தண்டுவடம் நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறது.

வீட்டில் எல்லார் முகத்திலும் மலர்ச்சி!

ஆனால் முதல் படத்திலும் அதையேதானே எழுதியிருந்தார்கள்? பாளையங்கோட்டையில் எடுத்த முதல் படமும் "நன்றாக இருக்கிறது". ஊசிக்குப் பிறகு எடுத்த படமும் "நன்றாக இருக்கிறது". நோய் இருந்தபோதும் படம் நன்றாகத்தான் இருந்தது. ஆகவே இரண்டாவது படத்தை வெற்றி என்று எடுத்துக்கொள்ள முடியாது. "கட்டி இல்லை, வீக்கம் இல்லை" என்று மட்டுமே எடுத்துக்கொள்ளலாம்.

"ஆனால் அப்பாவுக்கு நோய் அப்படியே நின்றிருக்கிறதே" என்று மகன் கேட்கலாம்.

இதற்குத்தான் பழைய செய்தியை நினைவில் வைக்கச் சொன்னது. ஹிராயாமா நோய் தானாக நிற்கும். மெட்ராஸ் நோய் ஊர்ந்து போகும். மற்றவர்களுக்கும் சில மாதம் வேகம் குறையும்; பிறகு கூடும். அந்த நேரத்தில் ஊசி போட்டிருந்தால் புகழ் ஊசிக்குப் போகும்!

வெறும் ஊசியும் வேலை செய்ததா?

இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி இருக்கிறது. பாதிப்பேருக்கு மருந்து ஊசி. பாதிப்பேருக்கு மருந்தில்லா ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முடிவில் ஒப்பிட வேண்டும்.

அமெரிக்காவில் அப்படி ஒரு பெரிய சோதனை நடந்தது. 'நியூரோன்' என்ற ஸ்டெம் செல் மருந்து. ஏறக்குறைய 190 நோயாளிகள். முதுகில் மூன்று முறை ஊசி. 2020 நவம்பரில் முடிவு வந்தது.

மருந்து பெற்றவர்களில் 100-க்கு 33 பேருக்கு நோயின் வேகம் குறிப்பிட்ட அளவு குறைந்திருந்தது. ஆகா! ஆனால் மருந்தில்லா ஊசி பெற்றவர்களில்? 100-க்கு 28 பேருக்கு அதேபோல் குறைந்திருந்தது!

இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது என்று கணக்கு சொன்னது. 2023 செப்டம்பரில் அமெரிக்க அரசின் நிபுணர் குழு கூடியது. பலன் நிரூபிக்கப்படவில்லை என்று 17 பேர் சொன்னார்கள். ஒரே ஒருவர்தான் ஆதரித்தார். அடுத்த மாதம் கம்பெனி தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

மருந்தே இல்லாத 28 பேரும் தனியாக ஊருக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "ஊசி போட்டேன், நல்லாயிருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் காரணம் ஊசி அல்ல.

அரசாங்கம் என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-ல் விதிகளை வெளியிட்டது. ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று மட்டுமே அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. மற்றவை எல்லாம் ஆராய்ச்சி. அனுமதி பெற்ற மருத்துவச் சோதனையாக மட்டுமே நடத்த வேண்டும். அப்படிச் சோதனையில் சேரும் நோயாளியிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது.

இது ஒன்று தெரிந்தாலே போதும். "ஆராய்ச்சி" என்று சொல்லிப் பணம் கேட்டால், ஏதோ கோளாறு!

யாராவது ஸ்டெம் செல் ஊசி பற்றிச் சொன்னால் ஐந்து கேள்விகள் கேளுங்கள்:

1. இது அனுமதி பெற்ற சோதனையா? இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் உள்ள எண் என்ன? (2009 முதல் பதிவு கட்டாயம். பதிவேட்டை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.)

2. பணம் ஏன் கேட்கிறீர்கள்?

3. செல் யாருடையது? எங்கே பெருக்கினார்கள்?

4. பலனை எதை வைத்து அளப்பீர்கள்? "படத்தை வைத்து" என்றால் நம்ப வேண்டாம். கைப்பிடி பலம், மூச்சின் அளவு, விழுங்குவது, பேசுவது, நடப்பது ஆகியவற்றை மாதா மாதம் அளக்க வேண்டும்.

5. எத்தனை ஆண்டு படம் எடுத்துக் கவனிப்பீர்கள்? கெடுதல் வந்தால் யார் பொறுப்பு?

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்கள் வெட்கப்பட வேண்டாம். உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புதிதாக முதுகு வலி, கால் தளர்ச்சி, சிறுநீர் கழிப்பதில் தொந்தரவு வந்தால் தாமதிக்காமல் போங்கள். படம் அப்போதுதான் உண்மையாக உதவும். ஊசிக்கு முன்னால் எடுத்த பழைய படத்தையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும்.

அடகு வைக்காமல் செய்யக்கூடியது

"அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாதா?" என்று கேட்காதீர்கள். செய்ய முடியும்.

ரிலுசோல் என்ற மாத்திரை இருக்கிறது. அமெரிக்காவில் 1995-ல் அங்கீகாரம் பெற்றது. நோயைக் குணமாக்காது, ஆயுளைச் சில மாதம் நீட்டும். மூச்சு திணறும்போது இரவில் முகமூடி போட்டுக் காற்று செலுத்தும் கருவி உண்டு. அது ஆயுளையும் நீட்டும், தூக்கத்தையும் தரும். விழுங்க முடியாதபோது வயிற்றுக்குக் குழாய் வைத்து உணவு கொடுக்கலாம். புரை ஏறாமல் காக்கலாம். மூட்டு விறைக்காமல் கை கால்களை நீட்டி மடக்கிவிட வீட்டார் கற்றுக்கொள்ளலாம். வயலை விற்ற பணம் இவற்றுக்கு உதவியிருக்கும்!

விஞ்ஞானிகளும் சும்மா இருக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறால் இந்த நோய் வந்தவர்களுக்கு 'டோஃபர்சென்' என்ற மருந்து 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதையும் முதுகு நீரில்தான் செலுத்துகிறார்கள். ஸ்டெம் செல் ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நாள் பலிக்கலாம். பலிக்கும் நாளில் ஒளித்து விற்க வேண்டியிராது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கே வரும்.

எழுத்துப் பலகை

கடைசியாக, பேச்சு.

இந்த நோயில் நாக்கு தளர்ந்தாலும் கண் அசைவு பெரும்பாலும் கடைசி வரை இருக்கும். அதை வைத்தே பேசலாம்!

ஒரு பெரிய அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசையில் 12 உயிர் எழுத்து. கீழே மூன்று வரிசையில் 18 மெய் எழுத்து. ஒருவர் விரலால் ஒவ்வொரு வரிசையாகக் காட்ட வேண்டும். சரியான வரிசை வந்ததும் நோயாளி கண்ணை மூடித் திறப்பார். பிறகு அந்த வரிசையில் ஒவ்வோர் எழுத்தாகக் காட்ட வேண்டும். முதலில் 'ப்'. பிறகு 'ஆ'. சேர்த்தால் 'பா'. பிறகு 'ல்'. "பால்" வேண்டும் என்கிறார் அப்பா!

தமிழுக்கு எழுத்து 247 என்று மலைக்க வேண்டாம். 30 எழுத்து போதும். புதிதாக எழுத்துக் கற்ற பாட்டியும் பலகை பிடிக்கலாம். பள்ளிக்குப் போகும் பேத்தியும் பிடிக்கலாம். செலவு ஒரு அட்டையும் ஒரு பேனாவும்.

நானூறு ஆண்டுகளுக்கு முன் பேசாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், ஸ்ரீவைகுண்டத்துப் பெற்றோர். அந்தப் பிள்ளையை அவர்கள் கைவிடவில்லை. இன்று பேச்சு இழந்த தகப்பனாரின் பக்கத்தில் பலகையோடு உட்காரும் பிள்ளைகளும் கைவிடாதவர்கள்தான்.

அவர் சொல்ல நினைத்தது எந்தப் படத்திலும் வராது. அந்த முப்பது எழுத்தில் வரும்.